ஏழாம் நம்பர் கிட்

அக்டோபர் 7, திங்கள்

இது யாரோ ஒரு மாணவரின் பழைய ரெக்கார்டு நோட்டு. பாலிடெக்னிக்கில் எடைக்குப் போட வைத்திருந்ததை அம்மா எனக்குக் கொண்டுவந்து தந்தாள். முன்பாதியில் அவர் எழுதியது இருக்கிறது. பின்பாதி காலி. அதில் நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரே ஒரு அறைதான். அம்மா தூங்கிய பிறகு அடுப்படி ஜீரோ வாட் பல்பின் கீழே உட்கார்ந்து, பக்கத்தைச் சத்தமில்லாமல் திருப்ப வேண்டும். அப்பா லாரியோடு குஜராத் போயிருக்கிறார். வர இன்னும் பதினைந்து நாள் ஆகும்.

அறிவியல் கண்காட்சிக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எனக்கு மைக்ரோபிராசசரின் வரலாறு விழுந்தது. பக்கத்து பெஞ்சு வளர்மதிக்கு மண்புழு உரம். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவள் சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள். மல்லிகா டீச்சர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். புத்தகத்தைப் பார்த்துப் படம் வரையக் கூடாது, பொருளை நேரில் பார்த்துத்தான் வரைய வேண்டும்.

அம்மாவுக்கு மைக்ரோபிராசசர் லேபில்தான் வேலை. பன்னிரண்டு வருடமாகக் காண்ட்ராக்டில் லேப் அசிஸ்டென்ட். பள்ளி விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். உள்ளே போகக் கூடாதுதான். ஜூன் மாதம் துறைத்தலைவர் அருணாசலம் சார் என்னைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை பிள்ளையை லேபுக்குள் பார்த்தால் வேறு இடம் தேடிக்கொள்ளுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அதிலிருந்து பின்கதவு வழியாகத்தான் போகிறேன். மாணவர்கள் எல்லாரும் போன பிறகு, கடைசி மேஜைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருப்பேன்.

இன்று சிப்பை வரைந்துவிட்டேன். மேல்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டும் நன்றாக வந்திருக்கின்றன.

டிவைடரின் முனை கொஞ்சம் வளைந்துவிட்டது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

லேபில் மாணவர்கள் புரோகிராம் அடித்துப் பழகுகிற பலகைகளில் ஒன்று, ஏழாம் நம்பர் கிட், கெட்டுப்போய்விட்டதாம்.

அம்மா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே சொன்னாள். காலையில் மூன்றாம் வருடம் படிக்கும் செண்பகவல்லி அக்கா வந்து சுவிட்சைப் போட்டிருக்கிறார். கிட்டில் எப்போதும் வருகிற சிவப்பு எழுத்துகள் வரவில்லை. கருகின வாடைதான் வந்தது. அருணாசலம் சார் வந்து தொட்டுப் பார்த்துக் கையை உதறினாராம், அவ்வளவு சூடு. உற்றுப் பார்த்தால் சிப் திருப்பி மாட்டியிருக்கிறது.

திருப்பி மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். என் குரல் ஒரு மாதிரி இருந்தது. அம்மா ஈரக் கையாலேயே சுவரில் ஒரு செவ்வகம் வரைந்து காட்டினாள். நாற்பது கால். நாற்பதாவது காலில் ஐந்து வோல்ட் உள்ளே போகிறது, இருபதாவது கால் தரை. இரண்டும் நேர் எதிரெதிர் மூலையில் இருக்கின்றன. அரைச் சுற்று சுற்றிப் போட்டால் மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்து சிப் செத்துப்போகும். அப்படிப் போடாமல் இருக்கத்தான் ஒரு ஓரத்தில் பாதி நிலா மாதிரி குழி வைத்திருக்கிறார்கள். பலகையிலும் அதே மாதிரி குழிப் படம் உண்டு. இரண்டும் ஒரே பக்கம் இருக்க வேண்டும்.

செவ்வகம் காய்ந்து மறையும் வரை அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 9, புதன்

நான்தான்.

எழுதிவிட்டேன். இப்போது உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

மேலிருந்து பார்த்தால் சிப் ஒரு கறுப்புப் பட்டைதான். கால்கள் எப்படி இறங்குகின்றன, வயிற்றுப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அம்மா சாவிக்கொத்து எடுக்க ஆபீசுக்குப் போயிருந்தாள். டிவைடர் முனையை இந்த ஓரம் கொஞ்சம், அந்த ஓரம் கொஞ்சம் கொடுத்து நெம்பினேன். வந்துவிட்டது. உள்ளங்கையில் ஒரு பூரான் மாதிரி கிடந்தது. வயிற்றில் பொடி எழுத்தில் மலேசியா என்பதன் முதல் சில எழுத்துகளும், அதன் கீழே ஒரு நீளமான எண்ணும் இருந்தன. பார்த்து அப்படியே எழுதிக்கொண்டேன். அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாக அழுத்தினேன். நன்றாகத்தான் உட்கார்ந்தது.

குழி எந்தப் பக்கம் இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

லேபில் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. கிட்டைத் தொடுகிறவர்கள் பெயர், நேரம், கையெழுத்து எழுத வேண்டும். திங்கள் கடைசிப் பிரிவில் ஏழாம் கிட்டில் கையெழுத்துப் போட்டது செண்பகம் அக்கா. செவ்வாய் முதல் கையெழுத்தும் அவருடையதுதான். நடுவில் யாரும் இல்லை. "நேத்து கடைசியும் நீ, இன்னைக்கு முதலும் நீ, பின்ன பேயா வந்து மாட்டும்?" என்று சார் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் யாரோ நல்ல சிப்பைக் கழற்றிக்கொண்டு கெட்டதை மாட்டி வைத்தார்களாம். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் போகவில்லை.

அம்மா உடனே அலமாரியில் இருந்த வேறு சிப்பை மாட்டிவிட்டாள். கிட் இப்போது ஓடுகிறது. ஆனால் செண்பகம் அக்கா "நான்தான் செய்தேன், மன்னிக்கவும்" என்று கடிதம் எழுதித் தர வேண்டுமாம். தந்தால்தான் இருபத்தொன்றாம் தேதி செய்முறைத் தேர்வில் உட்கார விடுவார்களாம். பதினெட்டாம் தேதி வரை கெடு.

அக்டோபர் 10, வியாழன்

சார்ட்டில் எழுதியது:

எல்லாம் ஒரு கால்குலேட்டரில் ஆரம்பித்திருக்கிறது. ஜப்பானில் ஒரு கம்பெனி தன் கால்குலேட்டருக்குச் சிப் செய்து தரச் சொல்லி அமெரிக்காவில் கேட்டது. தனித்தனியாகப் பல சிப் செய்வதற்குப் பதில், சொன்னதைக் கேட்டு எந்த வேலையும் செய்கிற ஒரு சிப்பைச் செய்தார்கள். 1971. பெயர் 4004. அடுத்த வருடம் 8008. 1974இல் 8080. இதற்கு மூன்று விதமான வோல்டேஜ் கொடுக்க வேண்டும், மூன்று பேர் சேர்ந்து தூக்கிவிட்டால்தான் எழுந்திருக்கும். 1976இல் வந்தது 8085, பாலிடெக்னிக் லேப் கிட்டில் இருப்பது இதுதான். இதற்கு ஐந்து வோல்ட் மட்டும் போதும். 8080க்கு எழுதிய புரோகிராம் இதிலும் அப்படியே ஓடும். பிறகு 8086. அதன் வழியில்தான் 286, 386, 486, பென்டியம் எல்லாம்.

டீச்சர் படித்துப் பார்த்து, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கிற மாதிரி எழுதியிருக்கிறாயே என்று சிரித்தார். சிப்பின் வயிற்றுப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இதை எங்கே பார்த்தாய் என்று கேட்டார். அம்மா காட்டினாள் என்று சொன்னேன்.

பொய் சொல்லும்போது எனக்குக் காது சூடாகிறது. சிப்புக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்னால் லேபில் இன்று பூஜை. பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் வரலாம். வருடத்தில் இந்த ஒரு நாள் நான் முன்கதவு வழியாகப் போவேன்.

இருபது கிட்டையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள். அவரவர் கிட்டுக்கு அவரவர்தான் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். சார் முன்னால் நின்று, சுவிட்சில் படக் கூடாது, சாக்கெட்டில் படக் கூடாது, பலகை ஓரத்தில் மட்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஏழாம் கிட்டுக்கு மட்டும் யாரும் வைக்கவில்லை. செண்பகம் அக்கா ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அம்மா பார்த்தாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் நீட்டினாள்.

"வைட்டி. ஒன் கிட்டு தான."

"கடுதாசி எழுதுனாத்தான் என் கிட்டாம்க்கா. சார் சொல்லுதாங்க."

"சாமிக்கு என்ன கடுதாசி. வை."

அக்கா வைத்தார். சார் பார்த்தார். எனக்கும் ஒரு கை பொரி கடலை அள்ளித் தந்து, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். ஒன்பது என்றேன். கம்ப்யூட்டர் எடுத்துப் படி என்றார். அவர் கை பெரியது. பாதிப் பொரி கீழே சிந்திவிட்டது.

அக்டோபர் 12, சனி

அம்மா நூல் வாங்கி வரச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் செண்பகம் அக்கா கழுகுமலை பஸ்ஸுக்கு நின்றிருந்தார். நான் பார்க்காத மாதிரி போனேன். அவரே கூப்பிட்டு, தன் பக்கத்தில் இடம் தந்தார்.

சார்ட் எப்படிப் போகிறது என்று கேட்டார். 8085 எங்கெங்கே பயன்படுகிறது என்று எழுத வேண்டும், எதுவும் கிடைக்கவில்லை என்றேன். அக்காவின் முகமே மாறிவிட்டது. 1997இல் செவ்வாய்க் கிரகத்தில் ஒரு குட்டி வண்டி இறங்கி ஓடியதாம், ஆறு சக்கரம், நம் அரிசிப் பானை உயரம்கூட இருக்குமோ என்னவோ. அதற்குள் இருந்தது 8085தான், குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற வகை. எல்லாரும் இதைப் பழசு, பாடத்துக்குத்தான் லாயக்கு என்று சிரிக்கும்போது தனக்கு அந்த வண்டிதான் ஞாபகம் வரும் என்றார்.

பிறகு அவர் முதல் வருடத்தில் அழுத கதையைச் சொன்னார். புரோகிராம் எழுதினால் கடைசியில் 76 என்று அடிக்க வேண்டும். 76 என்றால் நில். அதை அடிக்க மறந்தால் சிப் நிற்காது. அடுத்த இடத்தில் என்ன குப்பை இருந்தாலும் அதையும் கட்டளை என்று நினைத்துச் செய்துகொண்டே போகும். அக்கா மறந்துவிட்டு, கூட்டல் கணக்குக்கு விடை ஏன் வரவில்லை என்று ஒரு மணி நேரம் அழுதாராம். அம்மாதான் வந்து 76 அடித்துக் கொடுத்தாளாம்.

கடிதம் எழுதப் போகிறீர்களா என்று கேட்டேன். எனக்கே எப்படிக் கேட்க வந்தது என்று தெரியவில்லை.

"எழுத மாட்டேன் பூரணி. செய்யாததச் செஞ்சேன்னு எப்படி எழுத? ஓசூர்ல ஒரு கம்பெனில எடுத்திருக்காங்க. நவம்பர் கடைசில சேரணும். பரிச்ச எழுதலன்னா ஆறு மாசம் போச்சு, அந்த வேலயும் போச்சு. எங்கப்பா எழுதிக் குடுத்துட்டு வாட்டிங்காவ. நாளைக்கி அதே காயிதம் எனக்கு முன்னால நடந்து போவும்லா?"

பஸ் வந்தது. ஏறும்போது என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

நூல் வாங்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

எனக்கு 76 அடிக்க யாரும் இல்லை. படுத்தால் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் சொன்னால் அம்மாவுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் அக்காவுக்குப் போகும். சொன்னால் அம்மா. சொல்லாவிட்டால் அக்கா.

அக்டோபர் 14, திங்கள்

விஜயதசமி. ஜாமெட்ரி பாக்ஸைச் சாமி முன்னால் வைத்திருந்தோம். இன்று எடுத்துப் பார்த்தால் டிவைடரின் முனை நேராக இருக்கிறது. குறடால் பிடித்த தடம் தெரிகிறது. அம்மாதான் செய்திருக்க வேண்டும். அப்பா வாங்கித் தந்த பாக்ஸ் என்பதால் சரிசெய்து வைத்திருப்பாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

இனி லேபுக்கு வர வேண்டாம், பள்ளி விட்டதும் கிளை நூலகத்தில் உட்கார்ந்திரு, நான் வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. தேர்வு நேரம், அதனால் இருக்கும்.

அக்டோபர் 16, புதன்

பயமாக இருக்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

அம்மா சார்ட்டைக் கொண்டுவரச் சொன்னாள். பாயில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர் வைத்துப் பார்த்தாள். செவ்வாய் வண்டியைப் பார்த்துச் சிரித்தாள். சிப்பின் வயிற்றுப் படத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அந்த நீள எண்ணின் மேல் விரலை வைத்து, இதையும் பார்த்துத்தான் எழுதினாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"நல்லா வரஞ்சிருக்க. ஒரு கால்கூட விடல."

சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுத் திருப்பித் தந்தாள்.

நான் படுத்த பிறகும் அம்மா படுக்கவில்லை. இதே பல்பின் கீழே உட்கார்ந்து முழுநீளத் தாளில் என்னவோ எழுதினாள். ஒரு தாளைக் கசக்கினாள், இன்னொன்று எடுத்தாள். அதனால் இன்று நான் ரொம்பத் தாமதமாக எழுதுகிறேன். கசக்கிய தாள் அடுப்பில் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கவில்லை. நாளைக்குக் கெடு.

அக்டோபர் 18, வெள்ளி

மதியம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, காலையில் டீச்சரிடம் கொடுத்த சார்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு பாலிடெக்னிக்குக்கு நடந்தேன். முன்கதவு வழியாகத்தான் போனேன். வாட்ச்மேன் தாத்தா யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அருணாசலம் சாரை என்றேன்.

சார் அறையில் தனியாக இருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லி முடித்ததும் அவர் மேஜை மேல் இருந்த ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

அம்மாவின் கையெழுத்து. ஏழாம் கிட்டைச் சுத்தம் செய்யும்போது சிப்பைக் கழற்றியது நான்தான், கவனக்குறைவாகத் திருப்பி மாட்டிவிட்டேன், மாணவி செண்பகவல்லிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, என் மேல் நடவடிக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாள். என் பெயர் எங்கேயும் இல்லை.

"காலைலயே குடுத்துட்டா. பன்னெண்டு வருசமா கண்ண மூடிட்டுச் சிப்பு மாட்டுத கை. அது திருப்பி மாட்டாதுன்னு எனக்குத் தெரியும். இப்ப நீ வந்து இன்னொரு கத சொல்லுத. ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டு அந்தப் பிள்ளையக் காப்பாத்துதியளோ?"

இல்லை சார் என்றேன். சார்ட்டை மேஜையில் விரித்தேன். அது சுருண்டு சுருண்டு வந்தது, அவரே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். செத்துப்போன சிப் செவ்வாய்க்கிழமையிலிருந்து உங்களிடம்தானே இருக்கிறது, கழற்றினால் மட்டும் தெரிகிற எண்ணை நான் திங்களே எழுதிவிட்டேன், அதன் வயிற்றைப் பாருங்கள் சார் என்றேன்.

இழுப்பறையைத் திறந்தார். பஞ்சு வைத்த தீப்பெட்டிக்குள் இருந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, சிப்பைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து எண்ணைப் படித்தார். பிறகு சார்ட்டைப் பார்த்தார். மறுபடி சிப்பை. விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தார்.

"ஒன்பதாங் கிளாசா நீ?"

"ஆமா சார்."

அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அம்மா வாசலில் என்னைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டாள். சார் அவளை உட்காரச் சொல்லி, அவள் கடிதத்தை அவளிடமே திருப்பித் தந்தார். இது பொய், இதை நான் ஃபைலில் வைக்க முடியாது என்றார். பிள்ளையை உள்ளே விட்டது தப்பு, அதை மறைக்கவும் முடியாது, பிரின்சிபாலிடம் சொல்லத்தான் வேண்டும், ஏப்ரலில் காண்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது என்ன சொல்வார்களோ எனக்குத் தெரியாது என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

"ஏன் சார், அவள விடுங்க. நான் தான..."

"நீங்க சும்மா இருங்க கோமதி."

ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். ஏழாம் தேதிப் பக்கத்தை எடுத்து, செண்பகம் அக்காவின் கடைசிக் கையெழுத்துக்கும் அடுத்த நாள் முதல் கையெழுத்துக்கும் நடுவே இருந்த காலி இடத்தில் பேனாவை வைத்தார். எழுது என்றார். பெயர்: தங்கபூரணி. கிட் எண்: 7. நேரம்: 4.50. குறிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். நடந்ததை என்றார்.

"சிப்பைக் கழற்றி வரைந்தேன். திருப்பி மாட்டிவிட்டேன்" என்று எழுதினேன். இடம் பற்றவில்லை, கடைசிச் சொல் கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

சார் எழுந்து லேபுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். எல்லார் முன்னாலும் செண்பகம் அக்காவைக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு, திங்கள்கிழமை நீ ஏழாம் கிட்டிலேயே உட்கார் என்றார். அக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சரி சார் என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். என் தலையில் தட்டவில்லை.

வீட்டுக்கு நடந்து வந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. நெல்லைப் பக்கம் போகிற கூட்ஸ் வண்டி ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அம்மா கேட்டாள்.

"அன்னைக்கே எங்கிட்ட ஏன் சொல்லல?"

ஒனக்கு வேலை போயிரும்ல என்றேன். அம்மா வண்டியைப் பார்த்தபடி, "டிவைடரப் பாத்தப்பவே தெரியும். நீயா வந்து சொல்லுவன்னு இருந்தேன். அப்புறம் நீ சொல்லிரக் கூடாதுன்னும் இருந்தேன்" என்றாள்.

கடைசிப் பெட்டி போன பிறகும் கேட் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அக்டோபர் 21, திங்கள்

தேர்வு முடிந்து செண்பகம் அக்கா நூலகத்துக்கே தேடி வந்துவிட்டார். சந்தனம் காய்ந்து கிட்டின் ஓரத்தில் இன்னும் ஒட்டியிருக்கிறதாம். ஏறுவரிசையில் எண்களை அடுக்குகிற கணக்கு வந்ததாம், ஒரே தடவையில் ஓடியதாம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு நாளிதழை எடுத்து மடித்தார், விரித்தார்.

"பத்து நாளா எங்கப்பா எங்கூடப் பேசல, தெரியுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நூலகர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா என் மூக்கைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, காதருகே குனிந்து கேட்டார்.

"ஏட்டி, குழி எந்தப் பக்கம் இருக்கணும்?"

"பலகைல இருக்க குழிப் பக்கம்."

"மறந்த, கொன்னுருவேன்."

இந்தத் தடவை தலையில் தட்டினார். கொஞ்சம் பலமாகவே.

இன்று பெரிய லைட்டைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அம்மா பாயில் படுத்தபடி விழித்திருக்கிறாள். ஏப்ரலை நினைத்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். பக்கத்தைத் திருப்பினேன், சத்தம் கேட்டது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, எழுதி முடித்துவிட்டு லைட்டை அணைத்துவிடு என்றாள்.

76.